லாக் பிக்கிங்: பூட்டைத் திறப்பது டென்ஷன் பிடிக்கும் கைதான்

சாவி இல்லாமல் பூட்டைத் திறக்கும் லாக் பிக்கிங்கைப் பழகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் சாவித்துளைக்குள் விடும் மெல்லிய கருவியான பிக்கைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். எந்த வளைவு நல்லது, எத்தனை வகை வேண்டும் என்று தேடி, முப்பது துண்டு உள்ள செட்டாக வாங்கி, சில வாரங்களில் அலுத்துப்போய் அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். முதல் நாளிலிருந்தே கவனம் போக வேண்டிய இடம் மறுகையில் இருந்து பூட்டைத் திருப்பும் அழுத்தம் கொடுக்கும் டென்ஷன் ரெஞ்ச். பிக், பூட்டுக்குள் இருக்கும் சின்ன உலோகத் தண்டான பின்னைத் தேடுகிறது, தூக்குகிறது. தூக்கியதும் அது அங்கேயே நிற்குமா, திரும்ப விழுமா, அளவுக்கு மேல் போய் மாட்டிக்கொள்ளுமா என்பதை முடிவு செய்வது டென்ஷன். இதை முதலிலேயே புரிந்துகொண்டால் மாதக்கணக்கில் வீணாகும் உழைப்பு மிச்சம்.

அதற்கு முன் இரண்டு விதிகள். இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் எங்கே இருந்தாலும் இவற்றை மதிக்கிறார்கள். உங்களுக்குச் சொந்தமில்லாத பூட்டை, உரியவர் வாய்விட்டு அனுமதி கொடுக்காமல் தொடக்கூடாது. பயன்பாட்டில் இருக்கும் பூட்டில், அது உங்கள் வீட்டு வாசல் பூட்டாகவே இருந்தாலும், பழகக்கூடாது. முதல் விதிக்கு விளக்கம் தேவையில்லை. இரண்டாவதற்குக் காரணம் பூட்டுக்குள்ளேயே இருக்கிறது: பழகாத கை வேகமாகத் தள்ளினால் மெல்லிய ஸ்பிரிங் நசுங்கும், பின் ஏறக்கூடாத இடத்தில் ஏறிச் சிக்கும், பிக்கின் நுனி ஒடிந்து உள்ளேயே தங்கிவிடும். அப்புறம் சரியான சாவியே உள்ளே போகாது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஜப்பானில் 2003-இல் கொண்டுவந்த சட்டப்படி, தக்க காரணம் இல்லாமல் இந்தக் கருவிகளை வைத்திருப்பதே குற்றம். வேறு பல இடங்களில் திருடும் நோக்கத்தோடு எடுத்துப்போவதுதான் குற்றம். வாங்குவதற்கு முன் இருக்கும் இடத்தின் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள்.

இன்று அதிகம் புழங்குவது பின் டம்ளர் பூட்டு. 1860-களில் லைனஸ் யேல் ஜூனியர் தட்டையான சாவியோடு வடிவமைத்த அதே அமைப்புதான் சின்னச் சின்ன மாற்றங்களோடு இன்றும் ஓடுகிறது. உள்ளே சுழலும் உருளைக்கு பிளக் என்று பெயர். அதைச் சுற்றி வெளிக்கூடு. இரண்டையும் ஊடுருவி வரிசையாக நாலைந்து துளைகள். ஒவ்வொரு துளையிலும் கீழே சாவியைத் தொடும் சாவிப் பின், அதன் மேல் டிரைவர் பின், அதற்கும் மேல் ஸ்பிரிங். சாவி இல்லாதபோது டிரைவர் பின் பாதி பிளக்கிலும் பாதி கூட்டிலுமாக நின்று சுழற்சியைத் தடுக்கிறது. சரியான சாவி போனால் இரண்டு பின்களும் சந்திக்கும் இடம், பிளக்கும் கூடும் சந்திக்கும் கோட்டில் வந்து நிற்கும். அந்தக் கோடுதான் ஷியர் லைன்.

இந்தத் துளைகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் துல்லியமாக அமைந்திருந்தால் பிக் செய்யவே முடியாது. ஆனால் எந்தத் தொழிற்சாலையிலும் அப்படித் துளையிட முடிவதில்லை. மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு அளவுக்கு ஒவ்வொன்றும் விலகியிருக்கும். அதனால் பிளக்கை லேசாகத் திருப்பப் பார்த்தால் எல்லாப் பின்களும் ஒரே நேரத்தில் இறுகாது. அதிகம் விலகிய துளையில் உள்ள பின் முதலில் இறுகும். அதை ஷியர் லைனுக்குத் தூக்கினால் பிளக் கண்ணுக்குத் தெரியாத அளவு நகரும், டிரைவர் பின் மேலேயே தங்கிவிடும், அடுத்த பின் இறுகத் தொடங்கும். இப்படி ஒன்று மாற்றி ஒன்றாக இறுகும் வரிசைக்கு பைண்டிங் ஆர்டர் என்று பெயர். அது முன்னிருந்து பின்னாக ஒழுங்காக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். மூன்று, ஒன்று, ஐந்து, இரண்டு, நான்கு என்றும் வரும். ஆனால் அதே பூட்டில், அதே பக்கமாகத் திருப்பினால், பெரும்பாலும் அதே வரிசைதான் திரும்ப வரும். பின் எண்களை ஒரு நோட்டில் குறித்து வைத்தால், உங்கள் விரல் உண்மையிலேயே உணர்கிறதா அல்லது குருட்டாம்போக்கில் திறந்ததா என்பது அடுத்த முறை தெரிந்துவிடும்.

கருவிகளுக்கு அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை. நுனி கொக்கிபோல வளைந்த பிக்கான ஷார்ட் ஹூக் ஒன்று, கொஞ்சம் உயரமான இன்னொரு ஹூக், பல பின்களைச் சேர்த்துத் தேய்க்கும் ஒரு ரேக், மூன்று நான்கு டென்ஷன் ரெஞ்ச். பிக்கின் தகடு 0.6 மி.மீ. கனத்தில் ஒன்றும், குறுகலான சாவித்துளைக்கு 0.4 அல்லது 0.5 மி.மீ. கனத்தில் ஒன்றும் இருந்தால் பல நாள் ஓடும். டென்ஷன் ரெஞ்சை இரண்டு விதமாக வைக்கலாம். சாவித்துளையின் அடிப்பக்கம் வைப்பது ஒன்று. பின்கள் இருக்கும் மேல்பக்கம், துளையின் வாயில் அழுத்தமாகப் பொருந்தும்படி வைப்பது இன்னொன்று. மேல்பக்கம் வைப்பதே எனக்கு உசத்தி, ஏனென்றால் பிக் ஆடுவதற்கு அடியில் முழு இடமும் கிடைக்கிறது. அதற்கு 0.8, 1.0, 1.2 மி.மீ. கனத்தில் தட்டையான பட்டைகள் வேண்டும். துளையில் ஆடாமல் நிற்கும் கனத்தைத் தேர்ந்தெடுங்கள். ரெஞ்ச் வழுக்கிக்கொண்டே இருந்தால் விரலுக்கு வரும் செய்தியில் பாதி அந்த வழுக்கலின் செய்திதான். இன்னொன்று, ரெஞ்ச் முதல் பின்னைத் தொடும் அளவுக்கு உள்ளே போகக்கூடாது. தொட்டால் அந்தப் பின் ஒருபோதும் ஒழுங்காக அசையாது, காரணம் தெரியாமல் தவிப்பீர்கள்.

ரெஞ்சை நீங்களே செய்யலாம். கார் வைப்பர் ரப்பருக்குள் இருக்கும் நீளமான எஃகுப் பட்டை அதற்கு அருமையாகப் பொருந்தும். பழைய வைப்பரிலிருந்து உருவி எடுத்து, பிளையரால் பிடித்து மெதுவாக 90 பாகைக்கு வளைத்து, துளைக்குள் போகும் முனையை அரத்தால் ஒடுக்கினால் போதும். பிக் தேய்த்து உருவாக்குபவர்கள் கிரைண்டரில் வைக்கும்போது அடிக்கடி தண்ணீரில் முக்கி எடுங்கள். எஃகு நீலம் பாரித்துவிட்டால் அந்த இடம் விறைப்பு இழந்துவிட்டது என்று அர்த்தம், முதல் அழுத்தத்திலேயே வளையும். வாங்கிய பிக்காக இருந்தாலும் விளிம்புகளை 400-இல் தொடங்கி 800, 1500 என்று எமரித் தாளால் வழவழப்பாக்குங்கள். சொரசொரப்பான விளிம்பு பின்னின் அடியில் உராயும்போது வரும் கரகரப்பு, பின் இறுகியிருப்பதாக ஏமாற்றும்.

முதல் பூட்டாகப் பலரும் கண்ணாடிபோல உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பூட்டை வாங்குகிறார்கள். அமைப்பைப் புரிந்துகொள்ள ஒரு நாள் வைத்துப் பார்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம். கண் பார்த்துக்கொண்டிருக்கும் வரை விரல் கற்றுக்கொள்ளாது. தவிர, அவற்றின் துளைகள் தளர்வாக இருப்பதால் நிஜப் பூட்டின் உணர்வும் வராது. சிறந்தது, பின்களைக் கழற்றி மாட்டக்கூடிய பித்தளைப் பயிற்சிப் பூட்டு. அதில் ஒரே ஒரு பின் மட்டும் போட்டுத் தொடங்குங்கள். கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். ஆனால் ஒரு பின் இறுகுவது எப்படி இருக்கும், செட் ஆகும்போது, அதாவது ஷியர் லைனில் வந்து நிற்கும்போது, விரலில் என்ன நடக்கிறது, அதிகம் தூக்கினால் எப்படி இருக்கும் என்பதைச் சந்தேகமில்லாமல் அறிய வேறு வழி கிடையாது. பிறகு இரண்டு, மூன்று என்று ஏற்றுங்கள். கடைப் பூட்டு வேண்டுமென்றால் மாஸ்டர் லாக் நம்பர் 3 நான்கு பின் கொண்டது, தளர்வானது, தொடங்குவதற்கு ஏற்றது.

இனி விரலுக்கு வருவோம். பிக்கைப் பேனா பிடிப்பதுபோல் தளர்வாகப் பிடியுங்கள். முதலில் டென்ஷன் இல்லாமல் பூட்டைப் படியுங்கள். ஹூக்கைக் கடைசி வரை விட்டு, எல்லாப் பின்களையும் தூக்கியபடி மெதுவாக வெளியே இழுத்தால் ஒவ்வொரு பின்னும் கீழே விழும் சத்தம் கேட்கும். எண்ணினால் எத்தனை பின் என்று தெரிந்துவிடும். பிறகு ஒவ்வொன்றையும் தனியாகத் தூக்கி ஸ்பிரிங்கின் பலத்தை உணர்ந்துகொள்ளுங்கள். இதைச் செய்யாமல் நேரே டென்ஷன் போட்டால், இரண்டாவது பின்னில் இருந்துகொண்டு மூன்றாவதில் இருப்பதாக நினைத்துக்கொள்வீர்கள். பிக்கின் தண்டில் பின்களுக்கு நேராகச் சின்னச் சின்னக் குறி போட்டு வைப்பது நல்ல உபாயம்.

இப்போது ரெஞ்சின் நுனியில், வளைவிலிருந்து முடிந்தவரை தள்ளி, ஒரு விரலின் சதையை வையுங்கள். கீபோர்டில் ஒரு விசையை அழுத்தும் அளவுக்கு அழுத்தம் போதும். ரெஞ்ச் வளைந்து தெரிந்தால் அது பல மடங்கு அதிகம். இந்த நிலையில் ஒவ்வொரு பின்னாகத் தொட்டுப் பார்த்தால் ஒவ்வொன்றும் நான்கு நிலைகளில் ஒன்றில் இருக்கும். லேசாகத் தொட்டதும் ஸ்பிரிங்கோடு துள்ளி ஏறி இறங்கினால் அது இன்னும் இறுகவில்லை, விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். விறைப்பாக, ஏறமாட்டேன் என்று எதிர்த்தால் அதுதான் உங்களுக்கு வேண்டிய பின். மெதுவாக அழுத்துங்கள். 'டிக்' என்று ஒரு சன்னமான அதிர்வு வரும், ரெஞ்சிலும் மயிரிழை நகர்வு தெரியும், பின்னைத் தூக்க வேண்டியிருந்த விறைப்பு போய்விடும். செட் ஆகிவிட்ட சாவிப் பின்னைத் தொட்டால் ஸ்பிரிங் பலம் இல்லாமல் லேசாக ஆடும், மேலே போனால் சட்டென்று முட்டும். நான்காவது, எந்தப் பக்கமும் அசையாமல் செத்துக் கிடக்கும் பின். சாவிப் பின்னே ஷியர் லைனைத் தாண்டி மேலே போய் மாட்டிக்கொண்டது. இதை ஓவர்செட் என்பார்கள். அப்படி ஆனால் வேறு எதையும் தூக்கிப் பயனில்லை. டென்ஷனை மெல்ல மெல்லத் தளர்த்தி அந்தப் பின் விழும் சத்தத்தைக் கேளுங்கள். பழகிய கை அந்த ஒன்றை மட்டும் விழவிட்டு மற்றவற்றைக் காப்பாற்றிக்கொள்ளும். புதிதாகப் பழகுபவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குவதே சீக்கிரம் முடியும்.

அளவுக்கு மேல் தூக்குவதையே பொறியாக வைத்த பூட்டும் வரலாற்றில் உண்டு. ஜெரமையா சப் 1818-இல் காப்புரிமை பெற்ற, பின்னுக்குப் பதில் லீவர் என்ற தகடுகள் கொண்ட பூட்டில் ஒரு லீவரை அதிகமாகத் தூக்கினால் உள்ளே ஒரு கொக்கி மாட்டிக்கொண்டு, யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று உரிமையாளருக்குக் காட்டிக்கொடுக்கும். 1851-இல் லண்டன் பெருங்கண்காட்சிக்கு வந்த அமெரிக்கப் பூட்டு வல்லுநர் ஆல்ஃபிரட் ஹாப்ஸ் அதைத் திறந்து காட்டினார். பிறகு, திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று பல ஆண்டுகளாகக் கடை ஜன்னலில் சவாலாக இருந்த, பிரமா நிறுவனத்தின் பூட்டையும் திறந்தார். அதற்கு அவருக்கு 16 நாட்களில் பரவிய 51 மணி நேரம் ஆனது. அரை மணியில் திறக்கவில்லையே என்று வருந்துபவர்கள் இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

டென்ஷன் கூடினால் என்ன ஆகும்? ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பின் இறுகும். எது முதல் என்று பிரித்தறிய முடியாது. எல்லாமே விறைப்பாகத் தெரியும், வேகத்தில் தள்ளி ஓவர்செட் செய்வீர்கள். குறைந்தால் செட் ஆன பின்கள் ஒவ்வொன்றாக நழுவி விழும். தொடங்குபவர்களில் பெரும்பாலோர் தவறுவது கூடும் பக்கம்தான், அதுவும் திறக்காத எரிச்சலில் தம்மையறியாமல் விரல் இறுகுவதால். நல்ல வழக்கம் ஒன்று: இறுகும் பின்னைத் தேட சற்று அதிக அழுத்தம், கண்டுபிடித்ததும் தூக்குவதற்கு முன் கொஞ்சம் தளர்த்துதல். பதினைந்து இருபது நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து செய்தால் விரல் நுனி மரத்துப்போகும். பூட்டை வைத்துவிட்டு எழுந்துவிடுங்கள்.

நான்கு பின்னும் செட் ஆனதுபோல் தெரிந்து, பிளக் பத்துப் பதினைந்து பாகை திரும்பி அங்கேயே நின்றுவிட்டால் குழம்ப வேண்டாம். அதற்கு ஃபால்ஸ் செட் என்று பெயர். உள்ளே ஸ்பூல் பின் இருக்கிறது என்று பூட்டே சொல்கிறது. ஸ்பூல் என்பது நடுவில் இடுப்பு ஒடுங்கிய டிரைவர் பின். அந்த இடுப்பு ஷியர் லைனுக்கு வந்ததும் பிளக் சற்றுத் திரும்பி, இடுப்பின் விளிம்பு மாட்டிக்கொள்கிறது. பலர் இந்த இடத்தில்தான் டென்ஷனைக் கூட்டித் தோற்கிறார்கள். செய்ய வேண்டியது நேர் எதிர். ஒவ்வொரு பின்னையும் மெதுவாக அழுத்திப் பாருங்கள். எதை அழுத்தும்போது ரெஞ்ச் உங்கள் விரலை எதிர்த்துப் பின்னோக்கித் தள்ளுகிறதோ அதுதான் ஸ்பூல். அந்தப் பின்தள்ளலுக்கு இடம் கொடுங்கள். பிக்கின் அழுத்தத்தை மாற்றாமல், டென்ஷன் விரலை மட்டும் இழை இழையாகத் தளர்த்தினால் பிளக் பின்னோக்கிச் சுழன்று ஸ்பூலின் விளிம்பு தாண்டும், பின் செட் ஆகும், பிளக் முன்னைவிட அதிகம் திரும்பும். இடையில் வேறு ஒரு சாதாரணப் பின் விழுந்திருக்கும். அதைத் தேடித் திரும்ப ஏற்றுங்கள். டென்ஷன் கை உண்மையில் பயிற்சி பெறுவது இந்தக் கட்டத்தில்தான். மாஸ்டர் லாக் 140-இல் நான்கு பின்களில் ஸ்பூல்கள் உண்டு, இதற்கு ஏற்ற பூட்டு.

செரேட்டட் பின் வேறு மாதிரி ஏமாற்றும். அதன் உடம்பு முழுக்க நுண்ணிய வெட்டுகள். ஒவ்வொரு வெட்டிலும் ஒரு 'டிக்' வரும், ஆனால் பிளக் நகராது. சத்தத்தை நம்பாமல், ஒவ்வொரு 'டிக்'குக்குப் பிறகும் பின்னைத் தொட்டு, இன்னும் விறைப்பாக இருக்கிறதா, ஆடுகிறதா என்று சோதியுங்கள். விறைப்பாக இருந்தால் இன்னும் ஒரு படி. அமெரிக்கன் லாக் 1100-இல் ஐந்து பின்களில் ஸ்பூலும் செரேட்டடும் கலந்து வரும். அதைக் குருட்டு அதிர்ஷ்டத்தால் அல்லாமல் புரிந்து திறப்பவர், இடைநிலையைத் தாண்டிவிட்டார் என்று சொல்லலாம்.

ஒரே மாடல், ஒரே கடையில் வாங்கிய இரண்டு பூட்டு. ஒன்று சுலபம், ஒன்று பிடிவாதம். காரணத்தைச் சாவியில் பாருங்கள். சாவியில் ஆழமான வெட்டு என்றால் அங்கே நீளமான சாவிப் பின், கொஞ்சம் தூக்கினாலே போதும். மேடு என்றால் குட்டைப் பின், நிறையத் தூக்க வேண்டும். கைப்பிடிக்கு அருகில் ஆழமான வெட்டும் அதற்கு அடுத்தே உயரமான மேடும் இருந்தால் சிக்கல். பின்னால் உள்ள குட்டைப் பின்னை உயரே தூக்கும்போது பிக்கின் தண்டு முன்னால் உள்ள நீளப் பின்னையும் சேர்த்துத் தள்ளி ஓவர்செட் ஆக்கிவிடும். அங்கேதான் உயரமான ஹூக் வேண்டும். தொடக்கத்தில் மேடு பள்ளம் அதிகமில்லாத சாவியுள்ள பூட்டாகப் பார்த்து எடுங்கள்.

ரேக்கை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. லேசான டென்ஷனில் உள்ளே விட்டு முன்னும் பின்னும் தேய்த்தால் மலிவான பூட்டுகள் சில நொடிகளில் திறக்கும். ஆனால் எந்தப் பின் எப்படி செட் ஆனது என்று ஒன்றும் கற்றுத் தராது. ஸ்பூல் முன்னால் பெரும்பாலும் கைகொடுக்காது.

திறந்த பூட்டைப் பிரித்துப் பார்ப்பதற்குப் பிக்கிங்குக்கு நிகரான மதிப்பு உண்டு. விரல் சொன்னது சரிதானா என்று சரிபார்க்க அதுவே வழி. பயிற்சிச் சிலிண்டரின் பின்பக்கம் இருக்கும் சி வடிவ கிளிப்பைக் கழற்றுங்கள். சாவியைப் போட்டு பிளக்கை முப்பது பாகை போலத் திருப்புங்கள். நேராக வைத்தே இழுத்தால் டிரைவர் பின் அடுத்த துளைக்குள் விழுந்து மாட்டும். பிறகு பிளக்கின் அதே விட்டமுள்ள ஃபாலோயர் என்ற உருளைக் கட்டையை, பல சிலிண்டர்களுக்கு 12.7 மி.மீ. அளவு, பின்பக்கமிருந்து இடைவெளி விடாமல் பிளக்கோடு ஒட்டியே தள்ளினால் பிளக் முன்னால் வந்துவிடும். சாவிப் பின்களை வரிசை மாறாமல் தட்டில் அடுக்குங்கள். ஃபாலோயரை ஒவ்வொரு துளையாக மெதுவாக விலக்கி டிரைவர், ஸ்பிரிங்கை எடுங்கள். இந்த வேலையை விளிம்புள்ள தட்டில் அல்லது ஒளி ஊடுருவும் பைக்குள் கைவிட்டுச் செய்யுங்கள், பறந்த ஸ்பிரிங்கைத் தரையில் தேடிக் கண்டுபிடிப்பது அபூர்வம். திரும்பப் போடும்போது ஃபாலோயரைப் பின்பக்கம் வைத்து, கடைசித் துளையிலிருந்து தொடங்கி முதலில் ஸ்பிரிங், பிறகு டிரைவர் என்று இடுக்கியால் ஏற்றி, ஒவ்வொன்றாக ஃபாலோயரால் மூடிக்கொண்டே முன்னால் வாருங்கள். சாவி போட்ட பிளக்கை முன்னிருந்து தள்ளினால் ஃபாலோயர் பின்னால் வெளியேறிவிடும். பின்னைக் குறைத்துப் போட்ட சிலிண்டரை எந்தக் கதவிலும் மாட்டிவிடாதீர்கள், ஒதுக்கித் தனியாக வையுங்கள்.

திறந்த பிளக்கை அரைச்சுற்று திருப்பும்போதும் கவனம். சாவித்துளையின் அடிப்பக்கம் மேலே வந்ததும் டிரைவர் பின்கள் அந்த இடைவெளியில் இறங்கிப் பிளக்கைப் பூட்டிவிடும். அகலமான ரெஞ்ச் அல்லது பிக்கின் முதுகால் அந்த இடத்தை அடைத்துக்கொண்டே திருப்ப வேண்டும். அரைச்சுற்றுக்கு முன்பே திறந்துவிடும் தொங்கும் பூட்டுகளில் இந்தத் தொல்லை வராது.

தனியாகப் பழகுவது நல்லதுதான், ஆனால் குழுவோடு பழகினால் இன்னும் வேகமாக வரும். ஜெர்மனியில் 1997-இல் தொடங்கிய எஸ்எஸ்டிஇவி, நெதர்லாந்தில் தொடங்கிப் பல நாடுகளில் கிளை விட்ட டூல் ஆகிய பிக்கிங் குழுக்கள் இதை ஒரு விளையாட்டாக வளர்த்தவை. அனுபவசாலி ஒருவர் உங்கள் ரெஞ்சின் மேல் தன் விரலை வைத்து, இவ்வளவுதான் அழுத்தம் என்று காட்டிவிட்டால் எத்தனையோ பக்க விளக்கத்துக்குச் சமம்.

பின் டம்ளருக்கு அப்பால் போக விரும்பினால் ஒவ்வொன்றுக்கும் கருவியும் கையும் மாறும். வேஃபர் பூட்டில் பின்னுக்குப் பதில் மெல்லிய தகடுகள், மேசை இழுப்பறைகளில் பார்க்கலாம், எளிது. டிம்பிள் பூட்டில் சாவியின் தட்டையான முகத்தில் குழிகள் இருக்கும். பின்னைத் தூக்குவதற்குப் பதில் கம்பத்தில் பறக்கும் கொடி போன்ற நுனியுள்ள பிக்கைச் சுழற்றி அழுத்த வேண்டும், இடம் மிகக் குறுகல். ஃபின்லாந்தில் எமில் ஹென்ரிக்சன் 1907-இல் கண்டுபிடித்த டிஸ்க் டிடெய்னர் முறையில் ஸ்பிரிங்கே கிடையாது. வட்டுகளைச் சுழற்றி அவற்றின் வெட்டுகளை ஒரே வரியில் கொண்டுவர, டென்ஷனும் பிக்கும் ஒரே தண்டில் அமைந்த தனிக் கருவி வேண்டும். சில பூட்டுகளில் டென்ஷன் முன்பக்க வட்டில் விழும், சிலவற்றில் பின்பக்க வட்டில். ஒன்றுக்கான கருவி மற்றதில் வேலை செய்யாது, ஆகவே பூட்டைக் கையில் வைத்து எந்த வட்டு என்று உறுதி செய்துகொண்ட பிறகே அந்தக் கருவிக்குப் பணம் கொடுங்கள்.